பாறையில் விட்ட இடம்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. விஷாகாவின் போனில் தேதியும் மணியும் போட்ட குறிப்பு இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

விஷாகாவின் வேலையே குறிப்பெடுப்பதுதான். சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தோண்டித் துருவ வேண்டும். எதையும் நம்பாதே என்று சொல்லிச் சம்பளமும் கொடுக்கிறார்கள். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. பால் கேனில் தேதியை இரண்டு தடவை பார்ப்பாள். புருஷன் கௌசிக் சாப்பிட்டுவிட்டேன் என்றால், பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

2024 ஜூனில் அமெரிக்காவில், நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கினார்கள். கௌசிக்குக்குப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க் போக வசதி. எட்டு வயது வெண்பாவுக்கு நடந்து போகிற தூரத்தில் ஸ்கூல். விஷாகாவுக்குக் கீழே பேஸ்மென்ட்டில் ஆபீஸ் ரூம். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு படத்தைத் தவிர.

முன்பு அந்த வீட்டில் இருந்தவர் அத்திலியோ கப்ரேசி என்ற இத்தாலிய ஓவியர். அந்த ஜனவரியில்தான் எண்பத்தைந்து வயதில் இறந்துபோனார். வீட்டை விற்றவள் அவருடைய அண்ணன் மகள் கியாரா. ஐம்பதைத் தாண்டியவள், ஒட்ட வெட்டிய தும்பைப்பூ வெள்ளை முடி. எல்லாச் சாமானையும் காலி செய்தவள், லிவிங் ரூமில் ஒரு கடல் படத்தை மட்டும் விட்டுவிட்டாள். நாலு மூலையிலும் போல்ட் போட்டுச் சுவரோடு முடுக்கியிருந்தது.

"அதைக் கழற்றக் கூடாது என்று சித்தப்பா உயில் எழுதியிருக்கிறார். பிடிக்காவிட்டால் துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போது படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. விஷாகா அதைக் கவனித்தாள்.

நாலடி அகலப் படம். சாம்பலும் பச்சையும் கலந்த கடல். இடது ஓரம் ஒரு கறுப்புப் பாறை. பாறையின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டே இல்லை, வெறும் துணி. கையெழுத்தும் இல்லை. "மாடர்ன் ஆர்ட்" என்றான் கௌசிக். "முடிக்காத வேலை" என்றாள் விஷாகா.

கிச்சன் டிராயரில் அவருடைய கண்காட்சிப் புத்தகம் ஒன்று கிடந்தது. சும்மா புரட்டினாள். ஜெனோவாவில் இளைஞனாக இருந்தபோது மனுஷன் கடற்கரையில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. வலை பின்னுகிற பெண்கள், படகு இழுக்கிறவர்கள், குளிக்கிற குழந்தைகள்... ஒவ்வொரு முகமும் பேசிவிடும் போலிருந்தது. 1968ல் அமெரிக்கா வந்து, ஸ்கூலில் டிராயிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வரைந்திருக்கிறார். நியூயார்க் வரை பேர் போயிருக்கிறது. 1979லிருந்து படங்களில் ஒரு ஆளைக்கூடக் காணோம். நாற்பத்து நாலு வருஷம், இருநூற்றுச் சொச்சம் படம், எல்லாம் வெறும் கடல். அந்தக் காலியான கடலுக்குத்தான் பரிசும் புகழும் வந்திருக்கின்றன. ஏன் மனிதர்களை விட்டுவிட்டீர்கள் என்று பேட்டியில் கேட்டதற்கு ஒரே வரிதான் பதில்.

"அசையாமல் நில் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்."

"மாடல் எவனோ பாதியில எழுந்து ஓடிட்டான் போல" என்று சிரித்தான் கௌசிக். விஷாகா புத்தகத்தை மூடி வைத்தாள். அந்த வரி மட்டும் மனதில் முள்ளாகக் கிடந்தது.

செப்டம்பரில் பேஸ்மென்ட்டைச் சுத்தம் செய்தபோது ஹீட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு மரப்பெட்டி கிடைத்தது. கையகலப் பெட்டி. அதற்கு ஒரு பெரிய பூட்டு, துருப்பிடித்திருந்தது. கௌசிக் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தான். உள்ளே ஒரே ஒரு பிரஷ், குட்டையானது. கூடவே ஒரு ஆரஞ்சு பெயின்ட் டியூப், கல்லாக இறுகிப்போனது. பிரஷ்ஷின் கட்டை நுனி முழுக்கப் பொடிப்பொடியாகக் கடித்த தடம்.

"எலி" என்றாள் விஷாகா.

"பூட்டுன பெட்டிக்குள்ள எலியா?" என்றான் கௌசிக்.

ஓவியர் வீட்டுப் பிரஷ், குப்பையில் போட மனம் வரவில்லை. எடுத்து வைத்தாள்.

அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. நம் ஆட்கள் எந்த ஊருக்குப் போனாலும் அன்றைக்கு ஒரு பொருளையும் விடுவதில்லை. லேப்டாப், கார் சாவி, வெண்பாவின் வயலின், நீச்சல் கண்ணாடி, ஆரஞ்சு நீச்சல் தொப்பி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். டிஷ்வாஷருக்கு மட்டும் பெரிய பொட்டு, வீட்டில் அதிகம் உழைப்பது அதுதான். ஒரு ஆயுதம் விட்டுப்போகக் கூடாதே என்று அந்தப் பிரஷ்ஷுக்கும் பொட்டு வைத்துப் பூஜையில் சேர்த்தாள் விஷாகா.

அவள் செய்த தப்பு அது.

மறுநாள் விஜயதசமி. காலை 7:40. பூஜையில் வைத்ததை எடுத்து அவரவர் வேலையைத் தொடங்க வேண்டும். கௌசிக் ஒரு மெயில் அனுப்பினான். வெண்பா வயலினில் இரண்டு இழுப்பு இழுத்தாள். பிரஷ் மட்டும் கிடந்தது.

"இத யாராவது எடுத்து ஒரு கோடாவது போடணுமே. பூஜைல வச்சத அப்படியே விடக் கூடாது" என்றாள் விஷாகா.

கௌசிக் பிரஷ்ஷைப் பார்த்துக் கும்பிடு போட்டான். "யாரோடதோ, அவங்களே வந்து எடுத்துக்கட்டும்."

மூவரும் சிரித்தார்கள். விஷாகாவும்தான்.

அக்டோபர் 15, செவ்வாய், காலை 11:20. காபிக்காக மேலே வந்தாள். ஒரு வாசனை. சமையல் எண்ணெய் இல்லை, வேறு ஏதோ எண்ணெய். படத்தின் பக்கத்தில் போனபோது கூடியது.

பாறையின் மேல், அந்த வெற்றிடத்தில், மிளகாய் விதை அளவுக்கு ஒரு ஆரஞ்சுப் புள்ளி. தொட்டாள். விரலில் ஒட்டியது.

ஈரம்.

வெண்பா ஸ்கூல் விட்டு வந்ததும் பிடித்தாள். "படத்துல கை வச்சியா?"

"நோ, அம்மா."

"பொய் சொல்லக் கூடாது."

"ஐ டிடின்ட்!"

விஷாகா நம்பவில்லை. பூஜை முடிந்து பிரஷ்ஷைத் திரும்பப் போட்டு வைத்த பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிரஷ்ஷின் முடி ஈரமாக இருந்தது. டியூப் அதே கல்தான். பிள்ளையிடம் ஆரஞ்சு பெயின்ட் கிடையாது, வீடு முழுக்கத் தேடினாள். சரி, அப்படியென்றால் கௌசிக். இந்த மாதிரி விளையாட்டுக்கெல்லாம் மினக்கெடுகிற ஆள்தான். ஆனால் அவன் காலை 6:58க்கே ரயிலேறிவிட்டான். அவன் போன பிறகு, எட்டு மணிக்குப் பார்த்தபோது படத்தில் புள்ளி இல்லை. அவள் பெயின்ட்டைத் தொட்டது 11:20க்கு. போனில் குறித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் புள்ளி பட்டாணி அளவு. வியாழக்கிழமை அதன் கீழே ஒரு கழுத்து. வெள்ளிக்கிழமை தோள்.

ஒரு சிறுமி. தலையில் ஆரஞ்சு தொப்பி. நீச்சல் தொப்பி.

ரயிலை விட்டு இறங்கி வந்த கௌசிக்கைக் கோட்டைக் கழற்றக்கூட விடவில்லை. படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு. எப்ப கத்துக்கிட்ட?" என்றான்.

"நான் வரையல கௌசிக்."

"வெண்பாவால இப்படி வரைய முடியாது. நானும் இல்ல. அப்புறம் யாரு? பகல்ல வீட்டுல இருக்கறது நீ ஒருத்திதான்."

அவன் குரலில் கிண்டல் இல்லை. கட்டிய புருஷன் தன்னைச் சந்தேகமாகப் பார்ப்பதை விஷாகா முதல் முறையாகப் பார்த்தாள். அது அவளுக்குப் படத்தைவிட அதிகமாக வலித்தது.

அக்டோபர் 21, திங்கள். பழைய போன் ஒன்றை வீடியோவில் போட்டுப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்தாள். நாலு மணிக்குக் கீழே மீட்டிங். முடித்து வந்து பார்த்தாள். படம் இருக்கும் சுவர் வீடியோவில் விழவில்லை. அதன் முன்னாலிருந்த தரை மட்டும்தான் விழுந்திருந்தது.

4:07. வெண்பா வருகிறாள். கையில் சீரியல் கிண்ணம். படத்துக்கு எதிரே கிண்ணத்தைக் கீழே வைக்கிறாள். நிற்கிறாள்.

நிற்கிறாள்...

பாஸ்போர்ட் போட்டோவுக்கு மூன்று கடை ஏறி இறங்க வைத்த பிள்ளை அது. இரண்டு வினாடி ஒரு இடத்தில் நிற்காது. இங்கே கைகளைத் தொங்கவிட்டு, இமைகூட அசையாமல் நிற்கிறது. 4:12. 4:15.

4:19. வெண்பா முகவாயை மெல்ல இடது பக்கம் திருப்புகிறாள். யாரோ திருப்பச் சொன்ன மாதிரி.

சத்தத்தைக் கூட்டினாள் விஷாகா.

சரக்... சரக்... சரக்...

துணியில் பிரஷ் உரசும் சத்தம்.

4:26. வெண்பா சன்னமாகச் சொல்கிறாள். "ஓகே."

4:31. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலப் போய்விடுகிறாள்.

வெண்பாவை மடியில் உட்கார வைத்துக் கேட்டாள். "கண்ணு, படம் வரையற அந்த அங்கிள் உன்னை அசையாம நிக்கச் சொன்னாரா?"

வெண்பா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"எதுக்குன்னு சொன்னாரா?"

"இன்னும் முடியலையாம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

வீடியோவைக் கௌசிக் மூன்று தடவை பார்த்தான். முகம் வெளிறியது. ஆனாலும் கேட்டான். "நீ அவள நிக்கச் சொல்லி எடுக்கலையே, விஷா?"

அவள் அழுதுவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் நம்பினான். செவ்வாய்க்கிழமை இருவருமாகச் சேர்ந்து அவனுடைய எட்டு முழ வேட்டியால் படத்தை மூடி, நாலு போல்ட்டிலும் முடிச்சுப் போட்டார்கள். பழைய போனை இந்தத் தடவை படம் தெரிகிற மாதிரி வைத்தாள். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவாகிற ஆப்பையும் போட்டாள். வியாழக்கிழமை கௌசிக் லீவு போட்டான். பிள்ளையை வீட்டில் வைத்திருக்கவே இருவருக்கும் பயம். ஸ்கூலிலிருந்து நேரே நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போனான். அங்கேயாவது நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்தார்கள்.

அக்டோபர் 24, வியாழன். மாலை 4:36.

விஷாகா கீழிருந்து மேலே வந்தாள்.

வேட்டி தரையில் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை. மடித்திருந்தது. சின்னச் சின்னதாக, குழந்தைகள் காகிதத்தை மடிப்பது போல, கைக்குட்டை அளவுக்கு.

படத்தைப் பார்த்தாள்.

சிறுமி முழுதாக நின்றாள். ஆரஞ்சு தொப்பி. இடது பக்கம் திரும்பிய முகவாய். காதுக்குக் கீழே ஒரு மச்சம்.

வெண்பாவின் மச்சம்.

தண்ணீர் பாறையின் மேல் ஏறியிருந்தது. சிறுமியின் கணுக்கால் தெரியவில்லை.

கௌசிக்குக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

4:38. மறுபடி பார்த்தாள். இடுப்பு தெரியவில்லை.

மறுபடி போன். எடுக்கவில்லை.

4:39. தோள்.

"வெண்பா... நகருடி..." படத்தைப் பார்த்துக் கத்தினாள். "நகருடி கண்ணு!"

முகவாய்.

பெட்டியிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கினாள். எதிலும் தோய்க்கவில்லை. தோய்க்க ஒன்றுமில்லை. படத்தில் வைத்து இழுத்தாள்.

சாம்பல் பச்சை வந்தது. கடல் நிறம்.

தொப்பியை மூடினாள். முகத்தை மூடினாள். மச்சத்தை... கண்ணை மூடிக்கொண்டு மூடினாள்.

4:41.

பாறை காலியாக இருந்தது.

4:44. போன் அடித்தது. கௌசிக். பேச முடியாமல் அழுதான்.

"அப்படியே நின்னா விஷா... தண்ணிக்குள்ள, அடித்தரையில... கண்ணு திறந்திருந்துச்சு. முகத்தை லெஃப்ட்ல திருப்பிட்டு... கோச் குதிச்சுட்டாரு. அவர் கை படறதுக்குள்ள அவளே உதைச்சு மேல வந்துட்டா. நல்லாருக்கா. நல்லாருக்கா விஷா."

"மணி என்ன அப்ப?"

"என்னடி கேக்கற நீ?"

"மணி சொல்லு கௌசிக்!"

"எதிர்ல பெரிய கடிகாரம் இருக்கு... நாலு நாப்பத்தி ஒண்ணு."

விஷாகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் 3, ஞாயிறு, பகல் 2:15. கியாரா ஒரு டிரக்கோடு வந்தாள். விஷாகா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். குழந்தை இருக்கிற வீட்டில் இனி அது வேண்டாம், உயில் கிடக்கட்டும், நான் எடுத்துப்போகிறேன் என்று அவளே முன்வந்தாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், மெதுவாகச் சொன்னாள்.

அத்திலியோவுக்கு ஒரே மகள். மிரெல்லா. ஒன்பது வயது. 1979 ஆகஸ்டில் குடும்பத்தோடு ஜெர்சி கடற்கரைக்குப் போயிருந்தார்கள். மிரெல்லா ஆரஞ்சு நீச்சல் தொப்பியோடு பாறையில் நின்றாள், அப்பா வரைந்தார். அசையாமல் நில் என்று சொல்லிவிட்டுக் கடலை வரைவதில் மூழ்கிப்போனார். தண்ணீர் ஏறியது. அப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசாத பிள்ளை. நகரவில்லை. அவர் தலை நிமிர்ந்தபோது பாறை மட்டும் இருந்தது.

"இதுதான் அந்தப் படம்" என்றாள் கியாரா. "கடலை முடித்திருந்தார். அவளைத் தொடங்கவே இல்லை."

பழைய போனில் 24ஆம் தேதி பதிவை அவளுக்குக் காட்டினாள் விஷாகா. வேட்டி அவிழ்ந்ததும் மடிந்ததும் அதில் இல்லை. அசைவே இல்லை என்று ஆப் நினைத்திருக்கிறது. 4:36க்கு விஷாகா உள்ளே வருவதிலிருந்துதான் இருந்தது. கியாரா கடைசி நிமிடத்தைத் திரும்பவும் ஓடவிட்டாள்.

"நீங்கள் இடது கைக்காரரா?"

"இல்லையே."

போனைத் திருப்பிக் காட்டினாள். பிரஷ் விஷாகாவின் இடது கையில் இருந்தது. தயக்கமே இல்லாமல், பழகிய கையாக ஓடியது.

"சித்தப்பா இடது கை" என்றாள் கியாரா.

விஷாகா போனை வாங்கிப் பார்த்தாள். "அப்படின்னா அவர்தான் அழிச்சாரா? பின்ன வரைஞ்சது யாரு? அந்தப் பிரஷ் அவரோடதுதானே?"

"இல்லை. அது மிரெல்லாவுடையது. எப்போதும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள். அவள் போன பிறகு சித்தப்பாதான் பூட்டி வைத்தார்." கியாராவின் கண் கலங்கியது. "அன்றைக்கு அவள் என்னையும் பாறைக்குக் கூப்பிட்டாள். தனியாக நிற்பது போரடிக்கிறது, நீயும் வா என்றாள். எனக்கு எட்டு வயது. தண்ணீர் சில்லென்று இருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்."

படத்தைக் கழற்றி, பெட்டியோடும் பிரஷ்ஷோடும் டிரக்கில் ஏற்றினார்கள். வெண்பா ஜன்னலில் நின்று டாட்டா காட்டினாள்.

"ஆன்ட்டி இந்தப் பக்கம் பாக்கலடா" என்றாள் விஷாகா.

"ஆன்ட்டிக்கு இல்ல. அவளுக்கு."

விஷாகா மகளின் தோளைப் பிடித்தாள். "யாருக்கு? நிக்கச் சொன்னது அங்கிள்தானே?"

"ஐ நெவர் செட் அங்கிள். நீதான் அங்கிள்னு சொன்ன." வெண்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அது ஒரு கேர்ள், அம்மா. அங்கிள் ஒரே ஒரு தடவைதான் வந்தாரு. ஸ்விம்மிங் பூல்ல. அழுதுட்டே இருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"மூவ்-னு சொன்னாரு."

அத்தனை வருஷம் அந்த ஒரு சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் வெறும் கடலாக வரைந்திருக்கிறார். விஷாகா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒருநாளும் பார்த்திராத அவருக்காகவும் அழுதாள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

நவம்பர் 19, செவ்வாய், காலை 11:12. கியாராவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. படத்தை அவள் வீட்டு ஹாலில் சாய்த்து வைத்திருந்தாள். கூடவே ஒரு வரி.

"இதை நீங்கள்தான் வரைந்தீர்களா?"

விஷாகா போட்டோவைப் பெரிதாக்கினாள். கறுப்புப் பாறை. அவள் கையால் பூசிய சாம்பல் பச்சை. அதன் நடுவில் ஒரு புள்ளி.

ஆரஞ்சு இல்லை.

வெள்ளை. தும்பைப்பூ வெள்ளை.

உடனே கூப்பிட்டாள். கியாரா எடுத்தாள். பின்னணியில் ஏதோ இரைச்சல், காற்று போல.

"கியாரா, உங்க வீட்டுப் பக்கத்துல தண்ணி ஏதாவது இருக்கா?"

"வாசலிலேயே கடல்தான்" என்றாள் கியாரா. "ஏன் கேட்கிறீர்கள்?"